கொல்கத்தா ராஜ்பவனும் ராபர்ட் ஆடமும்: எது அவருடையது, எது இல்லை

கேள்வி சுருக்கமாக இதுதான். கொல்கத்தா ராஜ்பவனை வடிவமைத்தவர் ராபர்ட் ஆடம் என்ற ஸ்காட்லாந்துக்காரர் என்று ஒரு காணொளியில் சொன்னார்களாம். அது உண்மையா, அவர் அவ்வளவு பெரிய ஆளா, இல்லை ரோமானியக் கட்டடங்களைப் பார்த்து நகலெடுத்தவர்தானா? மூன்றாகத் தெரிந்தாலும், கேட்டவர் தெரிந்துகொள்ள நினைப்பது ஒன்றுதான் என்று படுகிறது: இந்த மனிதர் சொந்தமாகச் செய்தது என்ன? கட்டடக்கலை வரலாறு கற்பிப்பவன் நான்; பதினெட்டாம் நூற்றாண்டு பிரிட்டன் அதில் எனக்கு நெருக்கமான பகுதி. வரைபடங்கள், கடிதங்கள், கணக்குப் புத்தகங்கள் வழியாக வந்த அறிவு இது. சுதைவேலையைக் கையால் செய்கிறவர்கள் அந்தப் பகுதியை என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

முதலில் நேரான பதில்: இல்லை. ஆடம் 1792 மார்ச்சில் லண்டனில் இறந்துவிட்டார். அன்றைய கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி பிரபு கல்கத்தாவில், பிறகு ராஜ்பவன் ஆன அரசு மாளிகையைக் கட்டத் தொடங்கியது 1799ல், முடிந்தது 1803ல். வரைந்தவர் வங்காளப் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் சார்லஸ் வயட். ஆடம் இந்தியாவுக்கு வந்ததும் கிடையாது. ஆனால் அந்தக் காணொளிக்காரர் வெறும் காற்றிலிருந்து பேசவில்லை. வயட்டுக்கு முன்மாதிரியாக இருந்தது இங்கிலாந்தின் டெர்பிஷயரில் உள்ள கெடில்ஸ்டன் மாளிகை. ஆடமின் பெயரோடு ஒட்டிக்கொண்ட மிகப் பெரிய வீடுகளில் அது ஒன்று. வயட் குடும்பத்தைச் சேர்ந்த சாமுவேல் வயட் கெடில்ஸ்டனில் வேலை நடந்த காலத்தில் அங்கேயே மேற்பார்வையாளராக இருந்தவர். அதனால் அந்த மாளிகையின் அமைப்பு அந்தக் குடும்பத்துக்கு வீட்டுச் செய்தி மாதிரி. இன்னொரு வேடிக்கை: கெடில்ஸ்டனைக் கட்டியது கர்சன் குடும்பம். அதே வீட்டில் 1859ல் பிறந்த கர்சன் பிரபு, 1899ல் வைஸ்ராயாக வந்து அதன் நகலில் குடியேறினார்.

சரி, நகல் என்றால் கெடில்ஸ்டனின் எந்தப் பகுதியை நகலெடுத்தார்கள்? சுவையான இடம் இதுதான். நடுவில் ஒரு பெரிய கட்டடம், நான்கு மூலைகளில் நான்கு தனிக் கட்டடங்கள், அவற்றை இணைக்கும் வளைந்த நடைக்கூடங்கள்: கல்கத்தாவுக்குப் போனது இந்தத் தளவமைப்பு. இது ஆடமுடையது அல்ல. சர் நத்தேனியல் கர்சன் 1759 வாக்கில் வேலையைத் தொடங்கியபோது முதலில் வைத்துக்கொண்டது மேத்யூ பிரெட்டிங்காமை. அடுத்து ஜேம்ஸ் பெய்ன். நான்கு மூலைக் கட்டடம் என்ற எண்ணம் அவர்கள் கைக்கே இத்தாலியிலிருந்து, பதினாறாம் நூற்றாண்டுக் கட்டடக் கலைஞர் பல்லாடியோவின் அச்சிட்ட வரைபடங்கள் வழியாக வந்தது. ஆடமைத் தோட்டத்து வேலைகளுக்காகத்தான் கர்சன் முதலில் அழைத்தார். 1760ல் வீடு முழுவதும் ஆடமின் கைக்கு வந்தபோது வடக்கு முகப்பு பெய்ன் வகுத்த வழியில் எழும்பிக்கொண்டிருந்தது. கெடில்ஸ்டனில் பின்பக்க மூலைக் கட்டடங்கள் இரண்டும் கடைசிவரை கட்டப்படவே இல்லை. கல்கத்தாவில் நான்கும் உண்டு. அதோடு, கல்கத்தாவின் தெற்கு முகப்பு நடுவில் அரைவட்டமாகப் புடைத்து, மேலே குவிமாடத்தோடு நிற்கிறது. பெய்ன் 1783ல் அச்சிட்ட தன் கெடில்ஸ்டன் திட்டத்தில் தெற்குப் பக்கம் அப்படித்தான் வட்டமாக வெளியே வருகிறது. அதைத் தூக்கிவிட்டு, ரோமில் உள்ள கான்ஸ்டன்டைனின் வெற்றி வளைவை நினைவூட்டும் முகப்பை வைத்தவர்தான் ஆடம். ஆக, கல்கத்தா நகலெடுத்தது ஆடமுக்கு முந்தைய கெடில்ஸ்டனை. அவருடைய சொந்த முகப்பு அங்கே போகவே இல்லை.

சென்னைக்காரர்களுக்கு ஒரு இடைக்குறிப்பு. ஸ்காட்லாந்துக் கட்டடக் கலைஞர் ஒருவரின் நிழல் நம் ஊரில் விழுந்திருக்கிறது, ஆனால் அவர் ஆடம் இல்லை. எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க்கை டி ஹாவிலண்ட் கட்டும்போது முன்னால் வைத்துக்கொண்டது லண்டனின் செயின்ட் மார்ட்டின் தேவாலயத்தை. அதை வரைந்தவர் அபெர்டீனில் பிறந்த ஜேம்ஸ் கிப்ஸ். ஆடமுக்கு ஒரு தலைமுறை மூத்தவர், பாணியும் வேறு.

இனி ஆடமின் கதை. 1728ல் கிர்க்கால்டியில் பிறந்தார். அப்பா வில்லியம் ஆடம் அன்றைய ஸ்காட்லாந்தின் முதல்நிலைக் கட்டடக் கலைஞர். கூடவே கட்டட ஒப்பந்தக்காரர், குவாரி, மரக்கடை எல்லாம் வைத்திருந்தவர். எடின்பரோவில் படித்த பையன், படிப்பை முடிக்காமல் தொழிலுக்குள் வந்தார். 1748ல் அப்பா இறந்ததும் அண்ணன் ஜானோடு கூட்டு. அவர்களுக்குக் கிடைத்த பெரிய ஒப்பந்தம், பதவியிழந்த ஸ்டூவர்ட் அரச வம்சத்துக்காக நடந்த ஜேகோபைட் கலகம் 1746ல் கல்லோடன் போரோடு அடங்கிய பிறகு இன்வர்னஸுக்குப் பக்கத்தில் அரசாங்கம் கட்டிய ஃபோர்ட் ஜார்ஜ் கோட்டை. அழகான வரவேற்பறைகளுக்குப் பேர்போன ஒருவர் இருபது வயதில் பார்த்தது பீரங்கி மேடைகளும் அகழியும் கொத்தனார் கூலிக் கணக்கும்தான். இதைப் பலரும் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு இது முக்கியம். பெரிய வேலையைப் பிரித்துக் கொடுத்து, ஆட்களை வைத்து வாங்குகிற சாமர்த்தியம் அவருக்கு அங்கேதான் வந்தது என்று நினைக்கிறேன்.

1754 கடைசியில் இத்தாலிக்குப் புறப்பட்டார். அங்கிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் பல பிழைத்திருக்கின்றன. படித்தால் ஆளைப் பிடிக்கும், கொஞ்சம் எரிச்சலும் வரும். தான் கொத்தனார் வீட்டுப் பிள்ளை என்று ரோமில் இருக்கும் ஆங்கிலப் பிரபுக்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதில் அவருக்கு அவ்வளவு அக்கறை. நல்ல உடை, வண்டி, விருந்து என்று கனவானாக நடந்துகொண்டார். நாளைய வாடிக்கையாளர்கள் அவர்கள்தான் என்ற கணக்கும் அதற்குள் இருந்தது. ஆனால் வீட்டுக்குள் கடுமையான படிப்பு. ஃப்ளாரன்ஸில் சந்தித்த பிரெஞ்சுக்காரர் கிளெரிசோ அவருக்கு வரையக் கற்றுக்கொடுத்தார். புகழ்பெற்ற செதுக்கோவியர் பிரனேசி நண்பரானார். பழைய ரோமின் காம்பஸ் மார்ஷியஸ் பகுதியைப் பற்றி 1762ல் வெளியிட்ட பெரிய நூலை பிரனேசி ஆடமுக்குத்தான் காணிக்கையாக்கினார்.

1757 கோடையில், திரும்பும் வழியில், இன்றைய குரோஷியாவின் ஸ்ப்ளிட் நகருக்கு ஓவியர்களோடு போய், பேரரசர் டயோக்ளீஷியனின் அரண்மனை இடிபாடுகளை ஐந்து வாரத்தில் அளந்தார். அப்போது அந்த ஊர் வெனிஸ் ஆட்சியில் இருந்தது. கோட்டை மதிலை அளக்க வந்த உளவாளி என்று ஆளுநர் சந்தேகப்பட்டார். வெனிஸ் படையில் தளபதியாக இருந்த கிரேம் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தலையிட்டுக் காப்பாற்றினார். அதில் வந்த நூல் 1764ல் வெளியானது. ஏன் ஸ்ப்ளிட்? கோவில்களையும் குளியல் கூடங்களையும் எல்லோரும் வரைந்துவிட்டார்கள். பழங்காலத்தவர் குடியிருந்த வீடு எப்படி இருந்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது என்பது அவர் வாதம். வீடு கட்டிக் கொடுத்துப் பிழைக்கப் போகிறவருக்கு அது புத்திசாலித்தனமான தேர்வு. முக்கியமான காட்சிப் படங்கள் கிளெரிசோவின் கைவேலை. படங்களில் அவர் பெயர் இல்லை, அறிமுகப் பகுதியில் கூட வந்த கலைஞர் என்று மட்டும் வருகிறது. முன்னுரையை எழுதிக் கொடுத்தவர் ஆடமின் உறவினரான வரலாற்றாசிரியர் வில்லியம் ராபர்ட்சன் என்பதே ஆய்வாளர்களின் கருத்து. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு பயன்படும்.

1758 ஜனவரியில் லண்டன் வந்தார். மூன்றே வருடத்தில், 1761ல், வில்லியம் சேம்பர்ஸோடு சேர்ந்து மன்னரின் கட்டடக் கலைஞர் பதவி. அந்தப் பத்தாண்டில் அவர் கைக்கு வந்த வீடுகளைப் பாருங்கள்: சையன், ஆஸ்டர்லி, கெடில்ஸ்டன், கென்வுட், ஹேர்வுட், நாஸ்டெல். கிட்டத்தட்ட எல்லாமே ஏற்கெனவே இருந்த வீடுகள், அல்லது வேறொருவர் தொடங்கிய வீடுகள். பழைய சுவருக்குள், மாற்ற முடியாத சன்னல் வரிசைக்குள்தான் அவர் வேலை செய்தார். என்ன கண்டுபிடித்தார் என்ற கேள்விக்கு விடை இங்கேதான்.

சையன் மாளிகையின் முன்கூடமும் அதற்கடுத்த அறையும் ஒரே தரை மட்டத்தில் இல்லை. வேறொருவர் தரையை உயர்த்தி மறைத்திருப்பார். ஆடம் தூண்களை நிறுத்தி, படிகளைத் தெரியும்படி வைத்து, குறையையே நாடகமாக்கிவிட்டார். வெள்ளையும் கறுப்புமான, அமைதியான முன்கூடத்திலிருந்து ஏறி உள்ளே போனால் பச்சைப் பளிங்குத் தூண்கள் பன்னிரண்டு, ஒவ்வொன்றின் தலையிலும் தங்கப் பூச்சுச் சிலை. அறை உண்மையில் சதுரம் இல்லை. ஒரு பக்கத் தூண்களைச் சுவரிலிருந்து விலக்கி நிறுத்திச் சதுரமாகக் காட்டினார். அதற்கப்புறம் இரண்டு முனையும் அரைவட்டமாக முடியும் உணவுக்கூடம். வட்டம், சதுரம், நீள்வட்டம், நீண்ட கூடம் என்று அறைக்கு அறை உருவம் மாறும். நடந்து போகிறவர் அந்த மாற்றத்தை உடம்பால் உணர்வார். இதை அவர் இயக்கம் என்று சொன்னார். மேடு பள்ளம், முன்னால் வருவது பின்னால் போவது எல்லாம் ஒரு நிலப்பரப்புக்கு எதைத் தருகிறதோ அதைக் கட்டடத்துக்கும் தர வேண்டும் என்பது, சகோதரர்கள் 1773 முதல் பகுதி பகுதியாக வெளியிட்ட தங்கள் நூலில் எழுதிய விளக்கம்.

இப்போது நகல் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். உறுப்புகள் ரோமானியம்தான், அதில் சந்தேகமே இல்லை. கெடில்ஸ்டனின் வட்டக்கூடத்தைப் பார்த்தால் ரோமின் பேந்தியன் என்ற பழைய வட்டக் கோவில் ஞாபகம் வராமல் போகாது. ஆனால் அளவையும் கனத்தையும் அவர் கையாண்ட விதம் ரோமில் இல்லை. அவருக்கு முந்தைய தலைமுறை கோவிலின் வெளிப்புற உறுப்புகளை அப்படியே வரவேற்பறைக்குள் கொண்டுவந்து மாட்டியது. கனமான பிதுக்கங்கள், விதானத்தில் ஆழமான கட்டங்கள். ரோமானியர்களே வீட்டுக்குள் அப்படிச் செய்யவில்லை, மெல்லிய சுதையும் வண்ணமும்தான் பயன்படுத்தினார்கள் என்று ஆடம் கண்டார். விதானத்தில் அரை விரல் கனத்துக்குக்கூட எழும்பாத கொடிகள், மாலைகள், பதக்கங்கள். நடுவில் சிறு ஓவியங்கள். அச்சில் வார்த்து ஒட்டியதும் உண்டு, கையால் இழுத்ததும் உண்டு.

வண்ணம் பற்றி ஒரு பரவலான தவறான எண்ணம் இருக்கிறது. ஆடம் அறை என்றால் வெள்ளையும் தங்கமும் என்று நினைப்பார்கள். அவருடைய வரைபடங்களில் இளஞ்சிவப்பு, பச்சை, ஊதா, நீலம் எல்லாம் இருக்கிறது. வெள்ளை விதானத்தின் கண்கூச்சத்தைக் குறைக்கவே வண்ணம் என்று அவரே எழுதியிருக்கிறார். கென்வுட் நூலகத்தில் பிற்காலத்தார் பூசிய தங்கத்தை நீக்கி, பழைய இளநீலமும் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக 2013ல் மீட்டார்கள். ஆளே மாறிவிட்ட மாதிரி இருக்கிறது அறை.

அதோடு நிற்கவில்லை. விதானத்தில் உள்ள கோலத்துக்கு எதிரொலியாகக் கம்பளம், சுவரோரக் கண்ணாடி, கணப்பு, கதவின் கைப்பிடி, வெள்ளிப் பாத்திரம் வரை வரைந்து கொடுத்தார். ஒரே கையெழுத்தில் முழு அறையும் இருக்க வேண்டும் என்று இவ்வளவு விடாப்பிடியாக பிரிட்டனில் அவருக்கு முன் யாரும் தொழில் நடத்தியதாக எனக்குத் தெரியவில்லை. வில்லியம் கென்ட் அந்தப் பாதையில் கொஞ்ச தூரம் போயிருந்தார், அவ்வளவுதான்.

அந்த ஒரே கையெழுத்து எத்தனை பேருடையது என்பது அடுத்த சிக்கல். உறுதியாகத் தெரிந்தது: சுதைவேலை பெரும்பாலும் ஜோசப் ரோஸ் குடும்பம், ஓவியம் அந்தோனியோ சூக்கி, பியாஜியோ ரெபெக்கா போன்றவர்கள், கம்பளம் தாமஸ் மூர். தம்பி ஜேம்ஸ் கூட்டாளி. அலுவலகத்தில் வரைவாளர்கள் வரிசையாக இருந்தார்கள், அவர்களில் பலர் இத்தாலியர்கள். சந்தேகத்துக்கு உரியது: எந்தக் கோடு எவர் கோடு என்பது. ஒரு இசையமைப்பாளரும் அவருடைய உதவியாளர்களும் வாத்தியக் குழுவும் சேர்ந்து செய்த பாட்டில் எந்தச் சங்கதி யாருடையது என்று பிரிப்பது போலத்தான். மெட்டு அவருடையது என்று சொல்லலாம், அதற்கு மேல் ஜாக்கிரதை வேண்டும். இரண்டு எச்சரிக்கை மட்டும். வழிகாட்டிகள் ஆடம் வீட்டு விதான ஓவியங்களை எல்லாம் ஏஞ்சலிகா காஃப்மன் வரைந்ததாகச் சொல்வார்கள். அதில் பெரும்பகுதிக்கு ஆதாரம் இல்லை. அதேபோல் ஆடம் வரைந்து, அன்றைய புகழ்பெற்ற மரச்சாமான் கலைஞர் சிப்பன்டேல் செய்த நாற்காலி என்ற பேச்சும். இருவரும் ஒரே வீடுகளில் வேலை செய்தார்கள். ஆனால் ஆவணத்தோடு நிரூபணமானது, சர் லாரன்ஸ் டண்டாஸுக்காக 1765ல் செய்த நாற்காலி, சோபா தொகுதிதான். மற்றபடி சிப்பன்டேல் தன் சொந்த வடிவத்தில்தான் செய்தார்.

வியாபாரப் பக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஆள் பாதிதான் கிடைப்பார். 1768ல் சகோதரர்கள் தேம்ஸ் கரையில் ஒரு சேற்று நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார்கள். ஆற்றோரம் பெரிய நிலவறைகள் கட்டி, அதற்கு மேல் தெருவும் அடுக்கு வீட்டு வரிசையுமாக அடெல்ஃபி என்ற குடியிருப்பு. நிலவறைகளை அரசாங்கம் வெடிமருந்துக் கிடங்காக வாடகைக்கு எடுத்துக்கொள்ளும் என்பது கணக்கு. ஆற்று நீர் உள்ளே வந்தது, அரசாங்கம் வரவில்லை. 1772 ஜூனில் ஸ்காட்லாந்தின் ஏர் வங்கி விழுந்து கடன் நெருக்கடி வந்ததும் வேலை நின்றது. தத்துவஞானி டேவிட் ஹ்யூம், பொருளியலாளர் ஆடம் ஸ்மித்துக்கு எழுதிய கடிதத்தில், பாதிக்கப்பட்டவர்களில் ஆடம் சகோதரர்களை நினைத்துத்தான் அதிகம் வருந்துவதாகச் சொல்கிறார். கடைசியில் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் போட்டு, 1774ல் லாட்டரிச் சீட்டு விற்றுத் தப்பித்தார்கள். ராபர்ட் அப்போது நாடாளுமன்ற உறுப்பினர் என்பது உதவாமலா இருந்திருக்கும்? நடு வரிசையை 1936ல் இடித்துவிட்டார்கள்.

இன்னொரு முயற்சி லியார்டெட் என்பவரின் எண்ணெய்க் காரைக்கான காப்புரிமையை வாங்கியது. அதே மாதிரிக் காரை செய்த ஜான்சன் என்ற கட்டடக் கலைஞர் மீது 1778ல் வழக்கு. தீர்ப்பு சாதகமாக வந்தது. விசாரித்த தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபு. கென்வுட் அவர் வீடுதான். ஊர் பேசியது. ஆனாலும் கண்டுபிடிப்பாளர் தன் செய்முறையைத் தெளிவாக எழுதித் தர வேண்டும் என்பதில் அந்த வழக்கு காப்புரிமைச் சட்ட வரலாற்றில் இன்றும் பேசப்படுகிறது. காரை என்னவோ சுவரில் நிற்கவில்லை, வெடித்து உதிர்ந்தது.

எதிரிகளும் இருந்தார்கள். 1768ல் ராயல் அகாடமி தொடங்கியபோது அதில் செல்வாக்கோடு இருந்தவர் சேம்பர்ஸ். ஆடம் கடைசிவரை உறுப்பினர் ஆகவில்லை. எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் முதலில் புகழ்ந்தார், பிறகு தின்பண்ட அலங்காரம் என்று கேலி செய்தார். எழுபதுகளின் பிற்பகுதியில் வேலைகள் சில மெலிந்துபோயின, அதே கொடி, அதே பதக்கம் திரும்பத் திரும்ப வந்தது என்பது நியாயமான விமர்சனம்தான்.

நான் அவரை அதிகம் மதிப்பது அதற்குப் பிறகான ஸ்காட்லாந்து வேலைகளுக்காக. எடின்பரோவின் ரெஜிஸ்டர் ஹவுஸுக்கு 1774ல் அடிக்கல்; பறிமுதல் செய்த ஜேகோபைட் எஸ்டேட்டுகளின் பணத்திலிருந்து 12,000 பவுண்டு கொடுத்தார்கள். பணம் தீர்ந்து பல வருடம் அரைகுறையாகக் கிடந்தபோது ஐரோப்பாவிலேயே பிரமாதமான புறாக்கூடு என்று பெயர் வாங்கியது. இன்றும் நாட்டின் ஆவணக் காப்பகம் அங்கேதான் இயங்குகிறது. பல்கலைக்கழகத்தின் பழைய கல்லூரிக்கு 1789ல் அடிக்கல். அதை முடித்தது பிளேஃபேர், குவிமாடம் வந்தது 1887ல்தான். ஷார்லட் சதுக்கத்தில் அவர் எண்ணத்துக்கு மிக நெருக்கமாகக் கட்டியது வடக்கு வரிசை. கடலோரப் பாறை விளிம்பில் நிற்கும் கலீன் கோட்டை தனி வகை: வெளியே கோபுரமும் கொத்தளமுமாகக் கோட்டை, உள்ளே தூண்கள் சுற்றிய நீள்வட்டப் படிக்கட்டு. ஃபோர்ட் ஜார்ஜும் கடலைப் பார்த்த டயோக்ளீஷியன் மதிலும் சேர்ந்து இங்கே எட்டிப் பார்ப்பதாக எனக்குத் தோன்றும். இது என் ஊகம், ஆவணம் கேட்காதீர்கள்.

திருமணம் செய்துகொள்ளவில்லை. இறப்பதற்கு முந்தைய ஓராண்டில் 8 பொதுக் கட்டடங்களும் 25 தனியார் கட்டடங்களும் வரைந்தார் என்று அன்றைய இரங்கல் குறிப்பு சொல்கிறது. வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம். நான்கு வருடம் கழித்து சேம்பர்ஸும் அங்கேயே வந்து சேர்ந்தார். அலுவலக வரைபடங்களைக் குடும்பத்தார் விற்கப் பார்த்து விலை போகாமல், 1833ல் கட்டடக் கலைஞர் ஜான் சோன் 200 பவுண்டுக்கு வாங்கினார். அந்தச் சுமார் 8,000 தாள்களும் லண்டனில் சோன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, இணையத்திலும் பார்க்கலாம். கேட்டவர் லண்டன் போகிற ஆளாக இருந்தால் சையனிலிருந்து தொடங்கலாம், கென்வுட்டுக்குக் கட்டணமே கிடையாது. போக முடியாவிட்டால் கெடில்ஸ்டனின் தரைத்தள வரைபடத்தையும் கொல்கத்தா ராஜ்பவனின் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தெற்குப் பக்கத்தை மட்டும் பார்த்தாலே போதும்.